இதுன்னா எது?

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர்கள் லிஃப்டில் போவதில்லை. உலகம் இதைக் கவனிப்பதே இல்லை. ஓடுகிற லிஃப்டுக்கு அவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். நின்றுபோன லிஃப்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். நின்றுபோனதை எழுப்புகிற மெஷின் ரூமோ கட்டடத்தின் உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் வாழ்க்கை வரலாற்றை ஒரே சொல்லில் எழுதிவிடலாம்: படிக்கட்டு.

நம் கதாநாயகர் இருபத்தெட்டு வருஷம் படியேறினார். அடுத்தவர்கள் அலுங்காமல் குலுங்காமல் மேலே போவதற்காக அவருடைய முழங்கால்கள் இரண்டும் தேய்ந்தன. முதலில் இடது முழங்கால், ஒரு பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், இனி என்னால் ஆகாது என்று மடங்கி உட்கார்ந்துகொண்டது. வலது முழங்காலுக்கு ரோஷம் அதிகம். தம்பிக்கு மட்டும் ஓய்வா என்று அடுத்த மாதமே அதுவும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

அவருடைய அடையாள அட்டையில் முறையான பெயர் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. அதை யாரும் பயன்படுத்தியதில்லை. எல்லோருக்கும் அவர் இதுக்காரர்.

காரணம், அவருடைய பேச்சில் பொருள்களுக்குப் பெயர் கிடையாது. நட்டும் இது, போல்ட்டும் இது, கதவும் இது, கயிறும் இது. செயலென்றால் இது பண்ணுவது. கெட்டுப்போவதென்றால் இதாவது. "அந்த இதை எடுத்து இதுல மாட்டி, இது நகராம இதால ஒரு இது போடு" என்று அவர் சொன்னால், பதினைந்து வருஷம் கூடவே படியேறிய சக மெக்கானிக் மறுபேச்சில்லாமல் சரியான கருவியை எடுத்துச் சரியான இடத்தில் மாட்டி, சரியான முடிச்சைப் போடுவார். அந்த சக மெக்கானிக்குக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர். அதை வைத்தவர் இதுக்காரர் அல்ல என்பதைச் சொல்லவே வேண்டாம். ஸ்பேனர் என்ற பெயர் வாயில் வந்திருந்தால் அவருக்கு ஏன் இந்தக் கதி?

இந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மனிதர் பள்ளிக்கூடம் முடித்தார், வேலை வாங்கினார், கல்யாணமும் செய்துகொண்டார். கல்யாணக் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் வேலை பார்த்த ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மருந்துக் கடை இருந்தது. அங்கே ஒரு பெண், டாக்டர்களின் கிறுக்கலை வாசித்து மருந்து எடுத்துக் கொடுப்பாள். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருக்கும் சீட்டை ஒரு முறை பார்ப்பாள். இரண்டாம் முறை பார்க்காமல் மாத்திரையை எடுப்பாள். இதுக்காரர் இல்லாத இருமலுக்கு எட்டு நாள் தொடர்ந்து மருந்து வாங்கினார். ஒன்பதாம் நாள் காதுமடல் சிவக்க, "வந்து... நாம ரெண்டு பேரும் இது பண்ணிக்கலாமா?" என்று கேட்டார்.

உலகத்தில் வேறெந்தப் பெண்ணாக இருந்தாலும் கடை முதலாளியைக் கூப்பிட்டிருப்பாள். அவள் அதைக் கிறுக்கல் சீட்டைப் பார்ப்பதுபோல ஒரு கணம் பார்த்தாள். "எங்க வீட்ல வந்து பேசுங்க. பேசறதுக்கு வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அன்றிலிருந்து இருபத்தாறு வருஷம் குடும்பம் குறையில்லாமல் நடந்தது. முழங்கால்தான் கெடுத்தது.

*

மேலாளர் கெட்டவர் அல்ல. அவர் இதுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அண்ணே, டாக்டர் சீட்டைப் பாத்தேன். இனிமே நீங்க படியேறக் கூடாது. தொலைபேசி மேஜையில ஒரு எடம் காலியாகுது. லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க உள்ள இருக்கற போன்லேர்ந்து கூப்பிடுவாங்க. ஆள் போய்ச் சேர்ற வரைக்கும் அவங்ககூடப் பேசி, என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு சொல்லணும். அவ்ளோதான் வேலை."

"அவ்ளோதான் இதா?" என்றார் இதுக்காரர்.

மேலாளர் மேஜையிலிருந்த பயிற்சிப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "மொதல்ல மூணு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போய்ட்டு வாங்க. அப்புறம் ஒரு வாரம் சோதனை. நீங்க பேசறதைப் பக்கத்துல இருந்து நானும் கேப்பேன். சரியா வந்தா எடம் உங்களுது. வரலைன்னா..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. ஓய்வு பெற இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. படியேறவும் முடியாது, பேசவும் வராது என்றால் அந்த நிறுவனத்தில் மிச்சமிருந்த ஒரே வேலை மேலாளர் வேலை; அதில் ஏற்கெனவே ஆள் இருந்தார்.

பயிற்சியாளர் பளிச்சென்ற பல்வரிசைக்காரர். மூன்று நாள் பாடத்தின் சாரம் இது: எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். புன்னகைக்க வேண்டும். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி, புரிந்துகொண்டோம் என்று காட்ட வேண்டும்.

இதுக்காரர் கையைத் தூக்கினார். "சார், போன்ல கண்ணை எப்படி இது பண்றது?"

"அருமையான கேள்வி!" என்று புன்னகைத்தார் பயிற்சியாளர். பிறகு அடுத்த பாடத்துக்குப் போனார்.

மூன்றாம் நாள் மாலை, சான்றிதழ் ஒன்றும், அவசரத்தில் பேச வேண்டிய வாக்கியங்கள் அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். கற்றதைச் சூடு ஆறுவதற்குள் பழக வேண்டும் என்று நினைத்த இதுக்காரர், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"கொழாய் ஒழுகுது. ஒரு வாரமா சொல்லிட்டிருக்கேன்" என்றாள் மனைவி.

இதுக்காரர் அவள் கண்களை உற்றுப் பார்த்தார். "கொழாய் ஒழுகுது, ஒரு வாரமா சொல்லிட்டிருக்கேன்னு நீ சொல்ல வர்ற."

"சொல்ல வரல. சொல்லிட்டேன்."

"சொல்ல வரல, சொல்லிட்டேன்னு சொல்ற."

"என்னங்க, கிண்டலா?"

"கிண்டலான்னு கேக்கற" என்று சொல்லி, பாடத்தில் மிச்சமிருந்த புன்னகையையும் செய்து முடித்தார்.

மனைவி துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். "பல்லு வலிக்குதா? வாயை ஏன் அப்படி வெச்சிருக்கீங்க?"

*

விஷயம் முழுவதையும் கேட்டபின் அவள் சான்றிதழை வாங்கி மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் பார்த்தாள். இதில் மருந்து எதுவும் எழுதப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தாள்.

"உங்களுக்குக் கண்ணைப் பாக்கறதுல கோளாறு இல்ல. நீங்க 'இது'ன்னா எதுன்னு எனக்குத் தெரியும், ஸ்பேனர் தம்பிக்குத் தெரியும். லிஃப்டுல மாட்டினவங்களுக்கு எப்படித் தெரியும்? வாங்க, பழகலாம்."

வீட்டில் சாமான் அறை ஒன்று இருந்தது. கிட்டத்தட்ட லிஃப்ட் அளவுதான். மூன்று பக்கம் அலமாரி, நடுவில் ஒருவர் நிற்க இடம். மனைவி தன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் நிபந்தனையை அறிவித்தாள். "இப்ப நான் உங்க பொண்டாட்டி இல்ல. யாரோ ஒருத்தி. நீங்க சொல்றதை மட்டும்தான் செய்வேன். நெனைக்கிறதைச் செய்ய மாட்டேன். ஒவ்வொரு 'இது'வுக்கும் ஒரு பாத்திரம் தேய்க்கணும்."

இதுக்காரர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூப்பிட்டார். உள்ளே இருக்கும் குடையை அவளை எடுக்க வைக்க வேண்டும், அதுதான் பரீட்சை.

"அம்மா, பயப்படாதீங்க. அந்தப் பக்கம் ஒரு இது இருக்கு பாருங்க. அதை இது பண்ணுங்க."

சாமான் அறை விளக்கு அணைந்தது.

"ஏய், லைட்டை ஏன் அணைச்சே?"

"இது பண்ணச் சொன்னீங்க. கைக்கு எட்டின இது அதுதான். ரெண்டு பாத்திரம்."

"அதில்ல. மேல, இதுக்குப் பின்னால, நீளமா..."

தடதடவென்று ஏதோ உருண்டது. நீளமான பொருள் கிடைத்துவிட்டது, ஒட்டடைக் கம்பு. அதோடு, அதன்மேல் சாய்ந்திருந்த காலி டப்பாக்கள் ஆறும் கிடைத்தன.

"உள்ள ஆளுக்கு அடிபட்டிருக்கு" என்றது போன். "நிறுவனத்து மேல புகார் கொடுக்கப் போறேன்."

"அடிபட்டுச்சா?" இதுக்காரர் பதறி எழுந்தார்.

"இல்ல. பழக்கத்துக்குச் சொன்னேன். உக்காருங்க." பிறகு அந்தக் குரல் கொஞ்சம் இறங்கிவந்தது. "இங்க பாருங்க. கடைக்கு வர்றவங்களுக்கு மாத்திரை பேரு தெரியுமா? தெரியாது. சின்னதா, ரோஸ் கலர்ல, நடுவுல கோடு போட்டதுன்னு சொல்வாங்க. நான் எடுத்துக் கொடுக்கறேன்ல? பேரு வாயில வரலைன்னா விடுங்க. கலரைச் சொல்லுங்க, உருவத்தைச் சொல்லுங்க, எதுக்குப் பக்கத்துல இருக்குன்னு சொல்லுங்க. எந்தக் கைப் பக்கம்னு சொல்லுங்க. என் கை. உங்க கை இல்ல."

இதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தாறு வருஷமாகப் பார்த்துவந்த அந்த அறையை முதல் முறையாகப் பார்த்தார். "உங்க... இடது கைப் பக்கம். கீழ்த் தட்டு. நீல வாளி. அதுக்குப் பின்னால கறுப்பா, வளைஞ்ச பிடியோட."

கதவு திறந்தது. குடை வந்தது. பின்னால் மனைவி வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் தேய்க்கப் பாத்திரம் இல்லாமல் போயிற்று. கழுவிக் கவிழ்த்ததையே எடுத்து மறுபடியும் தேய்த்தார்.

*

சோதனை வாரம் பிறந்தது. திங்கட்கிழமை இரண்டு அழைப்புகள். இரண்டும் தவறான எண். இதுக்காரர் இரண்டையும் பிழையின்றிச் சமாளித்தார். மேலாளர் காதில் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்து மேஜையில் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை, ஒரு கட்டடத்துக் காவலாளி கூப்பிட்டார். லிஃப்ட் காலியாகத்தான் நிற்கிறது, ஆனால் விடாமல் கத்துகிறது, எப்படி நிறுத்துவது என்று கேட்டார். எளிய கேள்வி. எளிமையில்தான் மனிதன் வழுக்குகிறான்.

"செவத்துல செவப்பா ஒரு இது இருக்கும். அதைப் புடிச்சுக் கீழ இழுங்க."

சுவரில் சிவப்பாக இரண்டு இருந்தன. ஒன்று லிஃப்டின் சுவிட்ச். காவலாளி மற்றதை இழுத்தார். ஒன்பது மாடித் தீ அபாய மணிகளும் ஒருசேர ஒலித்தன. கட்டடமே தெருவுக்கு இறங்கியது. முடிவெட்டும் கடையிலிருந்து பாதித் தலையோடு ஒருவர் வந்தார். பல் டாக்டர் கையில் கருவியோடு ஓடிவர, அவருக்குப் பின்னால் நோயாளி வாயைத் திறந்தபடியே ஓடிவந்தார். மூடலாம் என்று யாரும் சொல்லவில்லையாம். எல்லோரும் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கினார்கள். லிஃப்ட் கத்திக்கொண்டிருந்தது.

மேலாளர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தார். "அண்ணே, இன்னும் ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா, எனக்கு வேற வழியில்ல."

புதன், வியாழன் இரண்டு நாளும் இதுக்காரர் வாயைத் திறக்கும்முன் மூன்று முறை யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் கூப்பிட்டவர்கள் தாமாகவே வெளியே வந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மணி அடித்தது. திரையில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் எண். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே.

"ஏங்க, இது நின்னுடுச்சுங்க!" ஒரு பெண் குரல்.

இதுக்காரர் முதலில் ஸ்பேனரை அனுப்புவதற்கான பொத்தானைத் தட்டினார். பிறகு அச்சடித்த தாளை எடுத்து வாசித்தார். "வணக்கம். தங்களுடைய சிரமம் எங்களுக்குப் புரிகிறது."

"என்ன புரியுது? நீங்களும் உள்ளயா மாட்டியிருக்கீங்க?"

இதற்குப் பதில் தாளில் இல்லை. அவர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"ஹலோ? இருக்கீங்களா? இங்க இது பாதி தெறந்துதான் இருக்கு. அந்தப் பக்கம் நெஞ்சு உசரத்துக்கு இது தெரியுது. இதை மேல வெச்சுட்டு, நான் இப்படியே இதாயிடறேன். அரை நிமிஷம்!"

மேலாளர் புருவத்தைச் சுருக்கினார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இதுக்காரருக்கோ தாய்மொழியைக் கேட்டதுபோல் இருந்தது. கதவு பாதி திறந்திருக்கிறது. ஐந்தாவது மாடித் தரை நெஞ்சு உயரத்தில் தெரிகிறது. கையிலிருப்பதை மேலே வைத்துவிட்டு ஏறி வெளியே போகப் போகிறாள். உடம்பு பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்போது லிஃப்ட் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதும் இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும்.

'அதை இது பண்ணாதீங்க!' என்ற வாக்கியம் முழுதாக உருவாகி, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. இதுக்காரர் அதை அப்படியே விழுங்கினார். மாத்திரையை விழுங்குவதுபோல் தொண்டை ஏறி இறங்கியதை மேலாளர் பார்த்தார்.

"அம்மா, உங்க கையில என்ன இருக்கு?"

"பை."

"என்ன கலர்?"

"இப்ப கலரு எதுக்குங்க?"

"சொல்லுங்களேன்."

"பச்சை."

"பச்சைப் பையைக் கீழ வைங்க. உங்க காலுக்குப் பக்கத்துல, தரையில."

"...வெச்சுட்டேன்."

"கதவுலேர்ந்து கையை எடுங்க. ரெண்டு எட்டு பின்னால வாங்க. முதுகுல ஏதாவது படுதா?"

"கண்ணாடி."

"கண்ணாடியில சாஞ்சு நில்லுங்க. லிஃப்ட் எப்ப வேணாலும் நகரலாம். நீங்க முழுசா உள்ள இருந்தா, நகர்ந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஏறிப் போகும்போது நகர்ந்தாத்தான் ஆபத்து. எங்க ஆள் கெளம்பிட்டார். இருவது நிமிஷம். நான் போனை வைக்க மாட்டேன்."

"இருவது நிமிஷமா! இவ்ளோ நேரம் நின்னா நான் பேச வந்ததெல்லாம் மறந்துபோயிடுமே."

"யார்கிட்ட பேச வந்தீங்க?"

"ஆறாவது மாடியில என் தங்கச்சி. பேசி ரெண்டு வருஷமாச்சு. கீழேர்ந்து ஒத்திகை பாத்துக்கிட்டே ஏறினேன். ஆட்டம் கொடுத்து நின்னதும் பாதி போச்சு."

"என்னம்மா சண்டை?"

"'எல்லாம் நீ பண்ணின அதாலதான்'னு சொன்னா. 'எதாலடி'ன்னேன். 'அதான், அது'ன்னா. கோவத்துல எறங்கி வந்துட்டேன்."

"அதுக்கப்புறம் எதுன்னு கேக்கவே இல்லையா?"

"ரெண்டு வருஷமா யோசிக்கிறேங்க. எனக்கே பதினஞ்சு, இருவது தோணுது. அவ எதைச் சொன்னான்னுதான் தெரியல."

இதுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காதில் ஒரு பெரிய கிறீச்சொலி. அதைத் தொடர்ந்து அலறல். "நகர்ந்துடுச்சு! கீழ எறங்குச்சு!"

"முதுகு எங்க இருக்கு?"

"கண்ணாடியில!"

"கை?"

"ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு!" மூச்சு வாங்கியது. பிறகு மெல்லிய குரலில், "நெஞ்சு உசரத்துல தெரிஞ்ச தரை இப்ப தலைக்கு மேல இருக்குங்க. நான் ஏறியிருந்தா..."

"ஏறல. பச்சைப் பை எங்க இருக்கு?"

"கால்ல."

"அப்ப எல்லாம் பத்திரமா இருக்கு."

பக்கத்து மேஜையில் மேலாளர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் பின்னால் சாய்ந்துதான் இருந்தார்.

ஸ்பேனர் போய்ச் சேர்ந்து, கதவு திறந்து, அந்த அம்மாள் வெளியே வருமுன், லிஃப்டுக்குள்ளிருந்த போனில் ஒரு கடைசி வார்த்தை சொன்னாள். "மறந்தது மறந்ததாவே இருக்கட்டுங்க. கதவைத் தட்டி, 'எது'ன்னு மட்டும் கேக்கப் போறேன்."

பிறகு ஸ்பேனர் பேசினார். "அண்ணே, அந்த இதுல இது போயிருந்துச்சு. நான் இது பண்ணிட்டேன். சாயங்காலம் ஒரு தடவை இது பாத்துட்டா போதும்."

"சரிப்பா" என்றார் இதுக்காரர்.

"என்ன சொன்னார் அவர்?" என்றார் மேலாளர்.

"கதவுப் பூட்டுல ஸ்பிரிங் ஒடைஞ்சிருந்துச்சாம் சார். மாத்திட்டான். சாயங்காலம் ஒரு தடவை ஓட்டிப் பாக்கணுமாம்."

மேலாளர் எழுந்து வந்தார். தொண்டையைச் செருமினார். இப்படிப்பட்ட தருணத்துக்குப் பொருத்தமாகச் சில சொற்கள் அவரிடம் இருந்தன. அவரும் பயிற்சிக்குப் போய் வந்தவர்தான். ஆனால் ஒன்றும் வரவில்லை. "அண்ணே... வந்து... திங்கக்கெழமைலேர்ந்து நீங்க நிரந்தரமா... இதுலயே..."

"எதுல சார்?"

"நாற்காலியிலதாண்ணே!"

*

அன்று சாயங்காலம் இதுக்காரர் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்ன ஆச்சு?"

"தொலைபேசி மேஜைக்கு முன்னால போட்டிருக்கற, சக்கரம் வெச்ச, கறுப்பு நாற்காலி எனக்கு நிரந்தரமாக் கெடைச்சிடுச்சு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அதிர்ஷ்டம் வந்த மனிதருக்கு அளவு தெரியாது. சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "உன் வலது கைக்குப் பக்கத்துல, மேஜை ஓரமா, வெள்ளை மூடி போட்ட கண்ணாடி ஜாடி இருக்குல்ல, அதுலேர்ந்து தண்ணி..."

"இந்தாங்க, குடிங்க. வாய் வலிக்கப் போகுது." ஜாடியை நகர்த்திவைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்."

"அன்னிக்குக் கடைக்கு வந்து, 'இது பண்ணிக்கலாமா'ன்னீங்க. எதுன்னு நீங்க இன்னிக்கு வரைக்கும் சொல்லவே இல்ல. நானா ஒண்ணைப் புரிஞ்சுக்கிட்டு இருவத்தாறு வருஷம் ஓட்டிட்டேன். இப்பத்தான் பேரு சொல்ல வருதே. சொல்லுங்க."

இதுக்காரர் தண்ணீரைக் கீழே வைத்தார். இருமல் வந்தது, இந்த முறை உண்மையான இருமல். காதுமடல் சிவந்தது. தேய்ப்பதற்குப் பாத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"நாம ரெண்டு பேரும்... கல்யாணம் பண்ணிக்கலாமா?"

மனைவி அதை மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல ஒரு கணம் பார்த்தாள்.

"மொதல்ல கொழாயைச் சரிபண்ணுங்க. அப்புறம் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.